பாதிப் பனங்கட்டி

வலது கையை உயர்த்தச் சொன்னார் வக்கீல்.

திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவர் இடது கையை உயர்த்தினார்.

“மற்றக் கை, அங்கிள்.”

“பொறு தம்பி. முதல் நீ வாசி.”

மடிக்கணினித் திரையில் வக்கீல் பிரணவரூபன். முதுகுக்குப் பின்னால் தங்க எழுத்துச் சட்டப் புத்தகங்கள், கணினி ஒட்டிய படம். தலையாட்டும்போதெல்லாம் ஒரு காது புத்தகங்களுக்குள் போய்த் திரும்பி வந்தது.

பஸ் தரிப்பிட வாங்கு விளம்பரங்களில் கைகட்டிச் சிரிக்கும் அதே முகம். கோயில் மலரில் முழுப்பக்கம் ‘நீதியின் நாயகன்’. நாயகனைச் சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிப்போன டாக்சி இவருடையது. பின்சீட்டில் நாயகன் வாந்தி எடுத்ததைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

விவாகரத்துச் சத்தியக்கடதாசி வாசிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒரு வருடமாக ஒரே கூரையின் கீழ் பிரிந்து வாழ்கிறார்கள். அப்படி வாழலாம். கனடாவின் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஸ்காபரோவில் வீட்டு வாடகை போகிற போக்கில் சட்டமும் கொஞ்சம் இறங்கி வரத்தானே வேண்டும்.

“படுக்கை வேறை?”

“அவ மேலை. நான் பேஸ்மென்ட்.”

“சோடியா வெளியிலை போறதில்லை?”

“முந்தியும் போனதில்லை.”

“சமையல் வேறை?”

அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

“தேத்தண்ணியும் சமையலோ தம்பி?”

“சட்டத்திலை தேத்தண்ணி எண்டு ஒரு இடத்திலையும் இல்லை, அங்கிள்.”

பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனபின், சண்டை பிடிக்க ஒருவருக்கு மற்றவர்தான் மிஞ்சியிருந்தார். பிரிவோம் என்றது இவர். எழுதிக்கொண்டு வாருங்கோ, கையெழுத்து வைக்கிறன் என்றது அவள்.

பின்னேரமானால் மேல் கதவு திறந்து சாத்தும்; படிக்கட்டின் மேல்படியில் ஒரு தேத்தண்ணிப் பிளாஸ்க் இருக்கும்.

யாரும் கொடுப்பதில்லை. யாரும் வாங்குவதில்லை.

கழுவிய பிளாஸ்க் காலையில் அதே படியில் இருக்கும்.

மூடியின்மேல் எப்போதும் ஒரு துண்டுப் பனங்கட்டி.

கனடாவுக்கு வந்த புதிதில், மொன்றியலில் முதல் பனிமாரி. ஒற்றை அறை. ஹீட்டர் சத்தம் மட்டும் போடும். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பளிக் கோட்டு. ஒருவர் வேலையால் வந்தால்தான் மற்றவர் போகலாம். கதவடியில் மாற்றிக்கொள்ளும்போது கோட்டு சூடாக இருக்கும்.

ஊரிலிருந்து வந்த யாரோ ஓலையால் பின்னிய சின்னக் குட்டானில் கொஞ்சம் பனங்கட்டி கொடுத்திருந்தார்கள். பனி கரையும் வரைக்கும் அது தாங்க வேண்டும். அவள் ஒரு கட்டியை முன்பல்லால் இரண்டாகக் கடிப்பாள். பெரிய பாதியை நீட்டுவாள்.

ஒரு கடி. ஒரு மிடறு வெறுந்தேத்தண்ணி.

இப்போது தமிழ்க் கடைகளில் பனங்கட்டி குவிந்து கிடக்கிறது. முழுக்கட்டியே வைக்கலாம். ஏன் பாதி என்று அவர் யோசித்ததில்லை. தனக்குச் சீனி வருத்தம் கூடிவிடாமல் கத்தியால் வெட்டி வைக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

இன்று, வக்கீலின் முகம் தெரியவேண்டுமே என்று, கண்ணாடி போட்டிருந்தார்.

கத்தி வெட்டு நேராக இருக்கும்.

இது நேராக இல்லை; ஓரத்தில் பல் தடம்.

“அங்கிள், வலது கை. நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்ல வேணும். கமராவுக்குக் கை தெரியட்டும்.”

வலது கையில் அந்தப் பாதி இருந்தது.

வைக்க மேசை இருந்தது. தட்டு இருந்தது. பிளாஸ்க் மூடியும் இருந்தது.

வாயில் போட்டுக்கொண்டார்.

கையை உயர்த்தினார்.

வக்கீல் கம்பீரமாகச் சொல்லி முடித்தார். காத்திருந்தார். காது ஒருமுறை புத்தகங்களுக்குள் போய் வந்தது.

“அங்கிள்? சத்தம் வரேல்லை. மியூட்டிலையோ?”

அவர் உயர்த்திய கையை இறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. கடிக்காமல், கரைய விட்டார்.

மேலே, படிக்கட்டுக் கதவு இன்று இன்னும் சாத்தப்படவில்லை.