விண்கப்பல் தலைவியும் அம்மாவும்

கண்ணை மூடினால் இப்போதும் அதே ஈசூன் அடுக்குமாடி வீடு. எண்பத்தேழாம் ஆண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு கிடக்கிறது. அம்மா டிவி முன்னால் அமர்ந்து பயற்றங்காய் நறுக்குகிறாள். திரையில் வாராவாரம் வரும் தொடரின் விண்கப்பல் அதிர்கிறது; தலைவரின் நாற்காலியில் இந்த வாரம் நரைத்த தலையோடு ஒரு பெண். அவள் குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு சொல் சொல்கிறாள். அத்தனை ஆண்களும் வேலையில் இறங்குகிறார்கள். அம்மாவின் கத்தி நின்றுவிடுகிறது. சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் நாளை முதல் அவள்தான் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பதினோரு ஆண்கள். "இவங்க சொன்னா கேக்குறாங்க. நான் சொன்னா சிரிப்பாங்க லா," என்கிறாள். அப்பா அவளுடைய புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். "சொல்லித்தான் பாரேன், ஜோதி." அம்மா தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். "அந்தப் பெட்டிய முதல்ல ஏத்துங்க." குரல் நடுங்குகிறது, நான் சிரித்துவிடுகிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி, அதையே இன்னொரு முறை, நிதானமாகச் சொல்கிறாள். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறார். "சரிங்க மேடம்," என்கிறார். அவர் முகத்தில் விளையாட்டே இல்லை.