ஒன்பது கறுப்புக் கண்ணாடிகள்

“அந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டிடுங்கம்மா,” என்றான் புகைப்படக்காரன், மூன்றாவது முறையாக.

அருக்காணி கழற்றவில்லை.

உப்பு வாரும் பலகையை வரப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். சித்திரை வெயில் உப்புப் பாத்தியில் விழுந்து, அங்கிருந்து முகத்துக்கு ஏறியது. அவளுக்கு இடப்பக்கம், எப்போதும் நிற்கிற இடத்தில், அந்தோணியம்மாள் நின்றாள்.

சுனாமிக்குப் பிறகு மரக்காணத்துக்கு யார் யாரோ வண்டியில் வந்து போகிறார்கள். இன்று வந்திருப்பது சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம். உப்பளப் பெண்களின் கண்ணைக் காப்பாற்ற வருகிறார்கள் என்று மேஸ்திரி கலியமூர்த்தி காலையிலேயே சொல்லிவிட்டார்.

இருபத்திரண்டு பெண்கள் வேலை செய்யும் உப்பளம் அது. அவர்களில் ஒன்பது பேரிடம் கறுப்புக் கண்ணாடி இருந்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தாங்களே வாங்கியது. பஸ்ஸில் போட்டுக்கொண்டு ஏறினால் கண்டக்டர்கூடச் சிரிப்பார்.

புகைப்படக்காரன் கேட்டதும் எட்டுப் பேர் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

“கண்ணாடி போட்டிருந்தா யாரும் நம்ப மாட்டாங்கம்மா,” என்றாள் அவனோடு வந்திருந்த சங்கீதா. கனிவாகத்தான் சொன்னாள். “உப்பளத்துல வேல செய்றவங்க மாதிரியே இல்ல, பாருங்க. டூர் வந்தவங்க மாதிரி இருக்குது.”

பெண்கள் சிரித்தார்கள். அருக்காணிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணாடி போடச் சொல்ல வந்தவர்கள், கழற்றச் சொல்கிறார்கள்.

“ஏம்மா, மொதலாளி சொல்லி அனுப்பிச்ச ஆளுங்க,” கலியமூர்த்தி வரப்பிலிருந்து கத்தினார். “நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?”

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டதும், அவள் எழுதிய முதல் கடிதம் முதலாளிக்குத்தான். கண் கூசுகிறது. தண்ணீர் வடிகிறது. எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கித் தர வேண்டும். நாலு வரி எழுத இரண்டு நாள் பிடித்தது.

கலியமூர்த்தி அதை வாங்கிப் படித்துவிட்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்: “உப்பு வார வர்றியா, சினிமாவுல நடிக்க வர்றியா?”

அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். கடிதம் வாய்க்காலோடு போயிற்று.

சங்கீதா வண்டியிலிருந்து பெரிய போஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து உப்புக் குவியலில் சாத்தினாள்.

“இந்த மாதிரி இன்னொன்னு போடப் போறோம்மா. இருங்க, எழுதியிருக்கிறத நான் படிச்சுக் காட்டுறேன்.”

அருக்காணி அதற்குள் படித்துவிட்டிருந்தாள்.

அறியாமையால் பறிபோன பார்வை.

எழுத்துக்கு மேலே ஒரே ஒரு கண். பூ விழுந்து, கருவிழி முழுக்க வெள்ளையாக இருந்தது. புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

அந்தோணியம்மாள் முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள். தழும்பின் மேல் விரல் வைத்தாள். என்றோ ஒரு நாள் அவள் கையிலிருந்த பலகையின் காம்பு பட்டு வந்த தழும்பு.

“மாதாவே,” என்றாள்.

ஊரில் யாருக்குக் கண் போனாலும், அவளுக்கு விவரம் பத்தாது என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் சொல்வார்கள், கடையில் சொல்வார்கள், சொந்தத் தங்கச்சியே சொல்வாள். கேட்டுக் கேட்டு அருக்காணி பாதி நம்பியிருந்தாள். இவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்த பிறகுதான் அந்தப் பாதி நம்பிக்கையும் போயிற்று.

குனிந்தாள். வாய்க்காலிலிருந்து ஒரு கை சேறு அள்ளினாள். முதல் வார்த்தையின் மேல் நிதானமாகப் பூசினாள். ஓர் எழுத்தும் மிச்சமில்லாமல்.

இப்போது இரண்டு வார்த்தைகள்தான் இருந்தன. அவை சரியாகத்தான் இருந்தன.

“ஐயையோ, என்னம்மா பண்றீங்க!” சங்கீதா ஓடிவந்தாள்.

கலியமூர்த்தியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். போஸ்டருக்கு எதிரே வந்ததும் நின்றார். புருவத்தைப் பார்த்தார். அருக்காணியைப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புகைப்படக்காரனுக்கு வெளிச்சம் போய்விடுமே என்ற கவலை.

“விடுங்க மேடம், தொடச்சிக்கலாம். அம்மா, இந்தப் படத்துல இருக்கிற மாதிரி ஒரே ஒரு கண்ணு, குளோசப்புல. அவ்ளோதான். கண்ணாடிய கழட்டுங்க.”

“அத எதுக்குங்க திரும்பப் புடிக்கிறீங்க?” என்றாள் அருக்காணி. “பள்ளிக்கூடத்துல கண்ணு கேம்ப் போட்டப்பவே வந்து புடிச்சிக்கினு போயிட்டீங்களே. இதோ, சாத்தி வெச்சிருக்கீங்களே.”

கேமரா மெல்லக் கீழே இறங்கியது.

யாரும் சிரிக்கவில்லை.

அந்தோணியம்மாள் இடுப்பிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பின்னாலிருந்த ஏழு பேரும் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு அவள் பலகையை எடுத்துக்கொண்டு, அருக்காணிக்குக் கண் தெரியாத பக்கமாக, எப்போதும் போல, வந்து நின்றாள்.