எட்டாவது நாற்காலி

"அக்கா, உங்க பொண்ணுக்கு வாசிக்கவே தெரியலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நீங்க என்னடான்னா நாற்காலி துடைச்சிட்டு இருக்கீங்க!"

முதல் வகுப்பு டீச்சர் மூச்சிரைக்க வாசலில் நின்றாள். உள்ளே உதவி வகுப்பு டீச்சர் தலை நிமிராமல் அடுத்த குட்டி நாற்காலிக்கு நகர்ந்தாள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் அறை அது. ஒரு வட்ட மேசை, ஓரம் கிழிந்த பட அட்டைகள், எட்டு நாற்காலிகள். வருஷத்துக்கு வருஷம் நீட்டித்துக் கொடுக்கிற வேலைதான். ஆனாலும் நாற்காலிகளைச் சொந்தச் சொத்து மாதிரி துடைப்பாள்.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா."

"என்னக்கா சரி? அவ வாயாடி! கழிவறைக் கதவுல ஒட்டின அறிவிப்பைக்கூட விட்டு வைக்க மாட்டா. நேத்து என் மாத்திரை அட்டையைப் பிடுங்கி, 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'னு கடகடன்னு படிச்சிட்டு, என்னையே முறைக்கிறா."

"விளையாட்டா படிக்கிறது வேற, பரீட்சை வேற."

பெற்றவள் பேசுகிற பேச்சா இது! முதல் வகுப்பு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பரீட்சையின் மேலேயே அவளுக்குக் கடுப்பு. தலையைவிடப் பெரிய ஹெட்போனை மாட்டி, பிஞ்சுகளைத் திரைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். காதுக்குள் ஒரு குரல் ஒரு சொல்லைச் சொல்லும். திரையில் இருக்கும் மூன்று சொற்களில் அது எது என்று கண்டுபிடித்துத் தொட வேண்டும். முடிந்ததும் ஒரு முயல் வந்து குதிக்கும். தேறினாலும் அதே குதி, தேறாவிட்டாலும் அதே குதி. அப்புறம் தேறாத பிள்ளை தன் சிநேகிதிகளை விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வரவேண்டியதுதான். மற்ற பிள்ளைகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மக்கு ரூம்'.

"ஒண்ணுகூட சரியில்லைக்கா. அத்தனையும் தப்பு! எழுத்தே தெரியாத பிள்ளைகூட குருட்டாம்போக்குல நாலைஞ்சாவது சரியா தொடும். ஹெட்போன்லதான் ஏதோ கோளாறு. ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிட்டேன். இன்னிக்கே திரும்ப வெச்சுடலாம்னு சொல்லிட்டார்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உனக்கு எதுக்கும்மா வீண் வேலை? ஒரு வருஷம் என்கிட்டயே இருக்கட்டுமே. தாய் நானே சொல்றேன்."

"மக்குன்னு ஒரு தடவை பேர் வாங்கிட்டா, அது காலத்துக்கும் ஒட்டிக்கும்க்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." துணியை ஒருமுறை உதறிக்கொண்டாள். "எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியப்போகுது?"

சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த எட்டாவது நாற்காலியை மறுபடியும் துடைத்தாள்.

கல்நெஞ்சக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் வகுப்பு டீச்சர் நடையைக் கட்டினாள். தன் வகுப்பில் எல்லாரும் தேறி, இந்த ஒருத்தி மட்டும் விழுந்ததும் அவளுக்கு உறுத்தல்தான். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் அறையில் வாயாடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எட்டாத கால்களைத் தொங்கப் போட்டிருந்தாள். டீச்சர் புது ஹெட்போனைத் தன் காதில் வைத்துச் சோதித்தபிறகு அவளுக்கு மாட்டிவிட்டாள்.

"மிஸ், நீங்க வெளியில நில்லுங்க. நானே பண்ணிடுவேன்."

"அதெல்லாம் முடியாது. இன்னிக்கு உன் பக்கத்துலயேதான் உக்காருவேன்."

குரல் 'பந்து' என்றது. திரையில் பூனை, பந்து, கதவு என்ற சொற்கள். சின்ன விரல் நேராகப் பந்துக்குப் போய், தொடாமல் நின்று, மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தது.

"பயப்படாதே தங்கம். விரல் முதல்ல எங்க போச்சோ, அங்கயே தொடு. மிஸ் பார்த்துட்டுதானே இருக்கேன்?"

குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. பந்தைத் தொட்டாள்.

அதற்கப்புறம் ஒன்றுகூடத் தப்பவில்லை. முயல் வந்து குதித்தபோது குழந்தை விசும்பிக்கொண்டிருந்தாள்.

"அசடு, ஜெயிச்சிட்டு எதுக்குடி அழறே? வா, அம்மாகிட்ட சொல்லலாம்!"

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, டீச்சர் ஏறக்குறைய ஓடினாள். அந்தத் தாயின் முகம் மலர்வதைப் பார்த்தே தீருவது என்றிருந்தது அவளுக்கு.

"அக்கா! முழு மதிப்பெண்! நான் சொன்னேனா இல்லையா? இனிமே உங்க பொண்ணு இந்த ரூம் பக்கமே வரவேண்டாம்!"

உதவி வகுப்பு டீச்சர் கையிலிருந்த துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள். "சந்தோஷம்மா," என்றாள். நின்றுகொண்டிருந்தவள் அந்தக் குட்டி நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சரின் கையை உதறிவிட்டு ஓடிய குழந்தை, தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெடித்து அழுதாள்.

"நீ சொன்ன மாதிரி எல்லாத்தையும் தப்பாத்தான் தொடப் பார்த்தேம்மா, மிஸ் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க... எட்டுப் பிள்ளைங்க சேரலைன்னா உன் வகுப்பை மூடிடுவாங்கன்னியே, இப்ப என்னாலதான் உன் வேலை போகப்போகுதாம்மா?"