மூன்று மணிக் காப்பி

மாமனார் மறுபடியும் செல்போனைக் கையில் எடுத்தார்.

மணி மூன்று பதினெட்டு. மூன்றரைக்குப் பங்குச் சந்தை மூடும்.

அவள் காப்பி டம்ளரோடு நின்றாள். இன்று வீட்டிலிருந்தே வேலை. உள்ளறையில் லேப்டாப் திறந்து கிடந்தது. அதில் ஒரு கடிதம். அவளுடைய கம்பெனியை வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்று எட்டு வரி.

நாலு மணிக்கு அதைச் சந்தைக்கு அனுப்ப வேண்டியவள் அவள்தான்.

அதுவரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போகும். வேலையோடு போனால் பரவாயில்லை, ஜெயிலும் உண்டு.

மாமாவுக்கு மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருட உழைப்பு. ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுக்க இந்தக் கம்பெனிப் பங்கில் கிடக்கிறது. வாங்குகிறவர்கள் பங்குக்கு நானூற்றுப் பன்னிரண்டு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சந்தையில் முந்நூற்று எழுபதுக்குக் கிடைக்கிறது. கண்ணெதிரே நாற்பத்திரண்டு ரூபாய் லாபம், இதை விடுகிறவன் மடையன் என்பது அவர் கட்சி.

எல்லாம் அவள் சொன்ன ஒரு பதிலால் வந்த வினை.

நாலு மாதம் முன்பு, உங்கள் கம்பெனி எப்படி என்று கேட்டார். தெரியாது என்றாள். அன்றைக்குச் சத்தியமாகத் தெரியாது. மூன்றாம் நாள் கம்பெனி கை மாறப்போகிற செய்தி வந்து விலை எகிறியது. அந்தத் ‘தெரியாது’தான் மருமகள் காட்டிய ஜாடை என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். எத்தனை முறை மறுத்தும் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகிறார்.

“கை மாறறது உறுதிதானே அம்மிணி?”

எரிச்சல் தலைக்கேறியது. கத்த வேண்டும் போலிருந்தது. சட்டம் அவளுக்கு விட்டுவைத்திருந்தது ஒரே பதில்.

“எனக்குத் தெரியாதுங்க மாமா.”

அவர் முகம் மலர்ந்தது. புரோக்கர் எண்ணைத் தேடினார். இன்னும் ஆயிரம் பங்கு. அத்தையின் பேரிலிருந்த வைப்புத்தொகையைக் காலையில்தான் உடைத்திருந்தார்.

அவள் டம்ளரைச் சாய்த்தாள்.

செல்போன் மேல், வேட்டி மேல், தரையெல்லாம் காப்பி.

கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். டம்ளரைக் கவிழ்த்தபடியே பிடித்திருந்தாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த பதினொரு வருடத்தில் அவள் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை.

செல்போனை வேட்டி முனையில் துடைத்துவிட்டுப் புரோக்கரைக் கூப்பிட்டார். மணி மூன்று இருபத்தாறு.

“தம்பி, வாங்க வேண்டாம். இருக்கற அத்தனையும் வித்துருங்க.”

அவள் பதறிப்போய் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவர் அதையும் புரிந்துகொண்டவராகத் தலையை ஆட்டினார்.

விற்று முடிந்தது. செல்போனை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீ ஒண்ணும் சொல்லல அம்மிணி. நானும் ஒண்ணும் கேக்கல.”

வெள்ளிக்கிழமைதோறும் அலுவலகத்துக்குப் பங்குதாரர் பட்டியல் வரும். செய்திக்கு முன்னால் விற்றவர்கள் யார், அவர்களில் ஊழியர்களின் உறவினர் உண்டா என்று பார்த்து, பெயருக்கு எதிரே குறித்து, அடியில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

இன்று வியாழக்கிழமை.

அவள் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.