நீர்க்கோடு

செம்மலும் அவன் மனைவி ஹேமலதாவும் 2001இல் புதுச்சேரியில், பந்தயப் பாய்மரப் படகுகளை வடிவமைத்துக் கட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். தண்ணீரில் இறக்கினால் படகு எதுவரை அமிழும் என்று கணக்கிட்டு, அங்கே சிவப்புக் கோடு போடுவது ஹேமலதாவின் வேலை. அவள் போட்ட கோடு ஒரு நூல்கூடத் தப்பியதில்லை.

மறுவருடம் புதுப் படகில் வெள்ளோட்டம் போன செம்மல் திரும்பவில்லை. படகு மட்டும் பிள்ளைச்சாவடியில் கரை ஒதுங்கியது.

அதன்பின் கட்டிய ஒவ்வொரு படகும் கோடு முங்க நின்றது. ஆளே ஏறாத படகில் அறுபத்தெட்டு கிலோ கூடுதலாக இருந்தது. செம்மலின் எடை அதுதான். ஹேமலதா வரைபடத்தை மாற்றினாள், அடியில் ஈயத்தைக் குறைத்தாள். பலனில்லை. கனம் கூடிப் பந்தயத்தில் கடைசியாக வருகிற படகை எவன் வாங்குவான்? ஆர்டர்கள் நின்றுபோயின.

கடைசிப் படகைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு காலையில் இறக்கினார்கள். இந்த முறை அவள் கணவனின் எடையையும் சேர்த்தே கோட்டைப் போட்டிருந்தாள். அப்படியும் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

பட்டறை மேஸ்திரி சாமிக்கண்ணு குனிந்து பார்த்தார்.

"சாரு எடையத்தான் சேத்துட்டீங்களே மேடம். இன்னும் ஒரு ஆளு கனம் இருக்குதே, யாருது?"

"தெரியலண்ணே. ஏறிப் பாக்குறேன்."

ஹேமலதா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

படகு அதற்குமேல் ஒரு நூல்கூடத் தாழவில்லை.