தண்டவாளத் துண்டு

வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் அந்தச் சின்ன உயர்நிலைப் பள்ளியின் மணி. பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள், கடைசி நாளில் ஆளுக்கு ஓர் அடி அடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். அந்த வருடம் பதினோரு பேர். பத்துப் பேருக்குக் கணீரென்று ஒலித்தது. தமயந்தி அடித்தபோது மட்டும் இரும்பு அதிர்ந்து ஆடியது, சத்தம் வரவில்லை.

“ஓங்கி அடிக்க வேண்டியதுதானே புள்ள,” என்றார் மணியடிக்கும் ஆரோக்கியம்.

“ஓங்கித்தாண்ணே அடிச்சேன். கை மரத்துப்போச்சு.”

இரண்டாவது அடிக்கு வழக்கமில்லை. மணியடிக்கும் கம்பியை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். மற்றவர்கள் டவுனில் பிளஸ் ஒன் சேர்வதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். தமயந்திக்கு வைகாசியில் மாமன் மகனோடு முகூர்த்தம் குறித்திருந்தார்கள்.

முகூர்த்தத்தன்று பள்ளி விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. கேட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆரோக்கியம் பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் ஐயர், “கெட்டிமேளம், கெட்டிமேளம்,” என்று கையசைத்தார். தவில்காரர் ஓங்கி அடித்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் அடித்துவிட்டுத் தன் கையையே பார்த்தார். நாகஸ்வரமும் நின்றது. அப்போது பள்ளிக்கூடம் இருக்கும் பக்கத்திலிருந்து, கணீரென்று ஒரே ஓர் அடி கேட்டது.

ஆரோக்கியம் இடுப்பைத் தடவினார். சாவி இருந்தது.

“அது என்னோடதுண்ணே,” என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தமயந்தி மணையிலிருந்து எழுந்தாள்.