துடைப்பத்தோட கதவுல இல்லாத வரி

ஒரு கம்ப்யூட்டருக்குள்ள அம்புங்க இருந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரு ரூமைக் காட்டும். பூட்டு, விளக்கு, துடைப்பம்னு அங்க இருந்த வேலைக்காரங்க அது காட்டுற பக்கம் கண்ணை மூடிட்டு நடப்பாங்க. அதுல ஒண்ணு வெத்தம்பு. அது காட்டுற பக்கம் ரூமே கிடையாது, பள்ளம்தான். யாராச்சும் விழுந்தா மெஷினே செத்துப்போகும்.

பூட்டோட கதவுல, "வெத்தம்பு வரக்கூடாது"ன்னு போர்டு. விளக்கோட கதவுலயும் அதே போர்டு. துடைப்பத்தோட கதவுல மட்டும், "அம்பு வந்தா ரூமைக் கூட்டித் தருவேன்"னு இருந்துச்சு. வெத்தம்பை நிறுத்தியிருந்தது அந்தக் கதவு முன்னாடி நின்ன வரிசையிலதான்.

அது, போர்டு எழுதுற பிரஷைக் கூப்பிட்டு, "அண்ணே, நான் உள்ள போலாமா, கூடாதா? இங்க ஒண்ணுமே எழுதலையே"ன்னுச்சு.

"இதெல்லாமா எழுதுவாங்க? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

"அப்ப அந்த ரெண்டு கதவுல எதுக்கு எழுதினீங்க? பெயின்ட் மிஞ்சிப்போச்சா?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு!"

அதுக்குள்ள துடைப்பம், "கூடாதுன்னா போர்டுல போட்டிருக்குமே, வாடா"ன்னு அதை உள்ள இழுத்துருச்சு. "வேணாம்ணே, கீழ பாருங்கண்ணே"ன்னு வெத்தம்பு கத்தி முடிக்கல, துடைப்பம் அது காட்டுன பக்கம் காலை வச்சிருச்சு. மொத்தமும் இருண்டுபோச்சு.

மெஷின் திரும்ப ஆன் ஆனதும், நடந்தது எதுவும் ஞாபகமில்லாம அம்புங்க பழையபடி வரிசையில நின்னுச்சுங்க. பிரஷுக்கு மட்டும் ஞாபகம் இருந்துச்சு. மத்த கதவுல இருக்குற வரியையே எழுதினா தன் தப்புன்னு ஆயிடுமேன்னு, துடைப்பத்தோட கதவுல வேற மாதிரி எழுதுச்சு: "அம்புகள் கவனமாக வரவும்."

வெத்தம்பு அதை ரெண்டு தடவை படிச்சுச்சு. ரொம்பக் கவனமா உள்ள போச்சு.